பதினோரு பேர் நீந்தும் குளம்

வெரிங்கல்
மே 6

அன்புள்ள யூனா அவர்களுக்கு,

முதலில் உங்கள் வீட்டு விவரம். புதனும் ஞாயிறும் போய்ப் பார்க்கிறேன். சமையலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. எலுமிச்சை நிறையக் காய்த்துக் கீழே விழுகிறது. பறித்துப் பெரிலுக்குக் கொடுத்தேன். கொடுக்கும் முன் உங்களைக் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த செய்தியைப் போனில் சொல்லலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். உங்களுக்குப் போனில் காது கேட்பதில்லை, எனக்குப் போனில் வாய் வருவதில்லை. ஆகவே எழுதுகிறேன்.

கவுன்சிலின் அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்ட நகலைத் தபாலாபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். வட்டாரத்திலுள்ள ஏழு நீச்சல்குளங்களில் மூன்றை வரும் நவம்பரில் தொடங்கும் கோடையிலிருந்து திறக்கப்போவதில்லை. நாளொன்றுக்குச் சராசரி இருபது பேர்கூட வராத குளங்கள் அவை. கூட்டம் குறைந்ததிலிருந்து ஏழையும் வரிசைப்படுத்திய பட்டியலில் நம் குளம் இரண்டாவது. வெரிங்கல்: பதினோரு பேர்.

அதன் கீழே இன்னொரு வரி. வெரிங்கலில் ஆள் ஒருவருக்குச் செலவாகும் குளோரின் மற்ற ஊர்களைப் போல மூன்றரை மடங்கு, பராமரிப்பில் கவனக்குறைவு இருக்கலாம் என்று. இருபத்திரண்டு வருடமாக அந்தக் குளத்துக்குக் குளோரின் அளந்து போடுபவன் நான்தான் என்பது எழுதியவருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மரியாதையாக எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பதினொன்று எப்படி வந்தது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். மதியம் பன்னிரண்டு மணிக்கு லைஃப்கார்டு ஷானன் வந்து முன்கதவைத் திறக்கிறாள். டிக்கெட் வாங்கி அந்த வழியாக வருபவருக்கு ஒரு தடவை எண்ணும் பொத்தானை அழுத்துகிறாள். சீசன் பாஸ் வைத்திருப்பவர் யாரும் அந்த வழியாக வருவதில்லை. பாஸ்தான் இருக்கிறதே, அந்தப் பெண்ணை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று எல்லோரும் பக்கத்துக் கதவால் போகிறோம். நானும் அப்படித்தான். இதை நாம் நாகரிகம் என்று நினைத்திருந்தோம்.

காலை நேரம் இன்னொன்று. குளோரின் கொட்டகைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் சாவி பற்றி எழுத்தில் வைக்கவே கை தயங்குகிறது. லைஃப்கார்டு இல்லாமல் குளத்தில் இறங்குவது விதிக்கு விரோதம். ஆகவே அந்தச் சாவியால் திறந்து காலையில் இறங்கும் ஆட்கள் யாரும் எந்தத் தாளிலும் இல்லை.

கவுன்சிலுக்குப் போகும் அந்த வருகைத் தாள்களில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று குளக் கமிட்டிச் செயலாளராகக் கையெழுத்துப் போட்டவன் நான்.

என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்தாலும் செய்வேனா என்பது வேறு விஷயம்.

தங்கள்,
ஆல்வின் ட்ரெஸைஸ்


பெண்டிகோ
மே 11

ஆல்வின்,

எலுமிச்சையைக் கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்கிற ஆள் உலகத்திலேயே நீ ஒருவன்தான். முப்பது வருஷம் ஸ்கூல் கேன்டீனில் உனக்கு டீ போட்டிருக்கிறேன். ஒரு தடவைகூடச் சர்க்கரை போதவில்லை என்று நீ சொன்னதில்லை. பாதி குடித்து வைத்துவிட்டுப் போவாய்.

இப்போது என் விவரத்தைக் கேள். ட்ரூடி நல்ல பெண்தான். ஆனால் அவள் வீட்டில் நான் கரண்டியைத் தொட்டால்கூட, “சித்தி, நீங்க உக்காருங்க” என்கிறாள். இரண்டு மாதமாக உட்கார்ந்திருக்கிறேன். இங்கே ஒரு முதியோர் குடியிருப்பில் எனக்காக ஓர் அறை பிடித்து வைத்திருக்கிறாள். வேண்டுமா வேண்டாமா என்று ஜூன் முப்பதுக்குள் சொல்ல வேண்டும். வேண்டும் என்றால் வெரிங்கல் வீட்டை விற்றாக வேண்டும்.

பிசியோதெரபி பெண் ஒருத்தி, என்னைவிட ஐம்பது வயது சின்னவள், அவள் சொன்னது இது: “ஹாலிகன் அம்மா, குளிர்காலத்த வீட்டுப் பயிற்சியிலயே ஓட்டிரலாம். ஆனா கோடைக்குத் தண்ணி வேணும். உங்க ஊர்ல குளம் இருக்கில்ல?” இருக்கிறது என்று சொன்னேன். “அப்ப தாராளமா வீட்டுக்குப் போங்க” என்றாள். மறுநாள் உன் கடிதம் வருகிறது.

தண்ணீருக்குள் மட்டும்தான் எனக்குக் கைத்தடி வேண்டியதில்லை, ஆல்வின். குளம் இல்லாவிட்டால் ஒரே கோடையில் இந்தக் கால் மரக்கட்டை ஆகிவிடும் என்று அவளே சொல்கிறாள். அப்புறம் வெரிங்கலில் யார் என்னைத் தூக்கிக்கொண்டு திரிவது?

உன் நோட்டு எங்கே? குளோரின் போடுவதற்காகக் காலையில் தண்ணீருக்குள் எத்தனை தலை என்று எண்ணி எழுதுவாயே. நாங்கள் அதைப் பார்த்துச் சிரிப்போம். இப்போது சிரிக்கவில்லை. கொண்டுபோய்க் காட்டு.

யூனா


வெரிங்கல்
மே 15

அன்புள்ள யூனா அவர்களுக்கு,

சர்க்கரை போதாமல்தான் இருந்தது. சொல்லியிருக்கலாம்.

நோட்டைக் கூட்டிப் பார்த்தேன், இரண்டு முறை. சென்ற சீசனில் காலை வேளை எண்பத்தேழு. சராசரி பத்தொன்பது பேர். நீங்களும் தண்ணீரில் நடக்கும் மற்ற ஆறு பேரும், பள்ளிப் பேருந்து வரும் முன் ஒரு முங்கு போட்டுப் போகும் பிள்ளைகளும், அறுவடைக் காலத்தில் இரவு ஷிப்ட் முடித்து வரும் டிரைவர்களும் சேர்த்து. மாலையில் பக்கத்துக் கதவால் வருபவர் ஒன்பது. ஷானனின் பதினொன்றையும் கூட்டினால் முப்பத்தொன்பது. அந்த முப்பத்தொன்பதை வைத்து வகுத்தால் நான் போட்ட குளோரின் மற்ற ஊர்களின் அளவுக்குச் சரியாக வருகிறது. இதைக் கண்டதும் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் உண்டானது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

ஆனால் ஒரு சிக்கல். பிப்ரவரி 12. அந்த நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதையும் நான் எழுதி வைத்திருப்பேன் என்று நினைத்திருக்கவும் மாட்டீர்கள். அப்படியே படியெடுக்கிறேன்.

‘பிப்ரவரி 12. தண்ணீர் 23 டிகிரி. ஆட்கள் 17. மணி 6.52: யூ. மூன்றாம் படியில் வழுக்கி இடப்பக்கமாக விழுந்தார். கால் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. யூ. சொன்னது: “ஆம்புலன்ஸ் இங்க வரக் கூடாது. வந்தா குளத்தை இழுத்து மூடிருவாங்க. என்னை எங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க. துணி துவைக்கிற ரூம்ல விழுந்தேன்னு சொல்லிக்கிறேன்.” நான் வேண்டாம் என்றேன். நான்கு பேர் தூக்கினோம். பெரிலின் வண்டி. 7.10 யூ. வீடு. 7.14 ஆம்புலன்ஸுக்குப் போன். குளோரின் வழக்கம்போல்.’

கடைசி வரியை ஏன் எழுதினேன் என்று இப்போது வெட்கமாக இருக்கிறது.

நான் வேண்டாம் என்றது உண்மை. எவ்வளவு மெதுவாகச் சொன்னேன் என்பதை எழுதவில்லை. எலும்பு விலகியிருக்கிறது என்று உங்களுக்கு இரண்டாவது முறை அறுவை செய்தார்களே, அந்தப் பதினெட்டு நிமிடத்தில் விலகியதா என்று ஒவ்வொரு நாளும் யோசிக்கிறேன்.

நோட்டைக் காட்டினால் இந்தப் பக்கத்தையும் காட்டியதாகும். உங்கள் அனுமதி வேண்டும்.

ஆல்வின்


பெண்டிகோ
மே 20

ஆல்வின்,

கிழித்துப் போடு.

உன்னிடம் பேனாக்கத்தி இருக்கிறது. பென்சில் சீவுவதற்கு நீ எடுத்து வருவதை ஊரே பார்த்திருக்கிறது. அந்த ஒரு தாளை எடுத்துவிட்டு மற்றதைக் காட்டு. எண்பத்தேழு காலையில் ஒரு காலை குறைந்தால் குளம் வற்றிவிடாது.

நீ எழுதியதைப் படித்தபோது என்ன தோன்றியது தெரியுமா? நான் அங்கே கிடந்து பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன், நீ மணி பார்த்திருக்கிறாய்.

ட்ரூடிக்கு நான் துணி துவைக்கிற அறையில் விழுந்தேன் என்றுதான் தெரியும். டாக்டருக்கும் அதுதான் தெரியும். “இவ்வளவு விலகறதுக்கு என்ன பண்ணீங்க, டான்ஸா?” என்று அந்த டாக்டர் கேட்டான். நகர்ந்து நகர்ந்து போனுக்குப் போனேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும்.

யூனா


வெரிங்கல்
மே 27

அன்புள்ள யூனா அவர்களுக்கு,

மணி பார்த்தது உண்மை. பதற்றம் வந்தால் கடிகாரத்தைப் பார்ப்பது என் வழக்கம். வகுப்பறையிலும் அப்படித்தான். உங்களைப் புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும்.

கிழிக்க முயன்றேன். முயலவில்லை என்று நினைக்க வேண்டாம். கத்தியை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அது நடுவில் தைத்த நோட்டு. ஒரு தாளை எடுத்தால் அதோடு சேர்ந்த மறுபாதித் தாள் தையலிலிருந்து கழன்றுவிடும். அந்த மறுபாதியில் இருப்பது ஜனவரி 19. வெயில் நாற்பத்து மூன்று டிகிரி அடித்த நாள், காலையிலேயே முப்பத்து நான்கு பேர் தண்ணீருக்குள். நமக்கு இருப்பதிலேயே பலமான பக்கம் அது. மேலும் பக்கங்களுக்கு எண் போட்டிருக்கிறேன். 62க்கு அடுத்து 65 வந்தால் கேட்காமல் விடுவார்களா?

இவை காரணங்கள்தான். இவை இல்லாவிட்டாலும் என்னால் முடிந்திருக்காது என்று நினைக்கிறேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வேறு மாதிரி இருக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பெரிலிடம் போனேன். அவள் ஆட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தாள்.

“நோட்ட கொண்டாங்க சார், அடுப்புல போடறேன். உங்க கையால ஆகாது.”

“அப்ப குளம்?”

“குளம் போனா போகுது. என் வண்டியில ஏத்தினதுக்கு என்னை ஜெயில்ல போட்டா இந்த ஆடுங்கள நீங்களா மேய்ப்பீங்க?”

“ஜெயிலெல்லாம் போடமாட்டாங்க, பெரில்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க சயின்ஸ்தானே எடுத்தீங்க?”

அப்புறம் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “யூனா இல்லாம சீசன் முடியற வரைக்கும் காலையில நாங்க யாரும் இறங்கவே இல்ல சார். கரையில நின்னு பேசிட்டு வந்துட்டோம்.” இது எனக்குத் தெரியும். பிப்ரவரி 12க்குப் பிறகு நோட்டில் ஆட்கள் எண்ணிக்கை குறைந்துவிடுகிறது. குளம் மூடும் முன்பே அது பாதி மூடியிருந்தது என்று இப்போதுதான் புரிகிறது.

கவுன்சில் கூட்டம் ஜூன் 17. விருப்பமுள்ளவர் மூன்று நிமிடம் பேசலாம். பெயர் கொடுக்கக் கடைசி நாள் ஜூன் 10. உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

ஆல்வின்


பெண்டிகோ
ஜூன் 3

ஆல்வின்,

பெயர் கொடுக்காதே. காட்டாதே. மூடினால் மூடட்டும்.

உடைந்த இடுப்போடு என்னை ஆடு ஏற்றுகிற வண்டியில் ஏற்றினீர்கள் என்று ட்ரூடி கேள்விப்பட்டால் அவள் என்னை அந்த ஊர்ப் பக்கம் விடவே மாட்டாள். குளம் திறந்திருந்து நான் வர முடியாவிட்டால் அந்தக் குளம் எனக்கு எதற்கு? இதை நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். கோபத்தில் இல்லை. கொஞ்சம் கோபத்திலும்தான்.

உனக்கு இது கஷ்டமாக இருக்காது. சும்மா இருப்பது உனக்கு நன்றாக வரும்.

யூனா


வெரிங்கல்
ஜூன் 18

அன்புள்ள யூனா அவர்களுக்கு,

நீங்கள் வேண்டாம் என்றதைச் செய்துவிட்டேன். வேறு யார் மூலமாகவும் உங்களுக்குத் தெரியக் கூடாது என்பதால் காலையில் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

ஜூன் 9 வரை பெயர் கொடுப்பதில்லை என்றுதான் இருந்தேன். பத்தாம் தேதி தபாலாபீஸுக்குத் தபால்தலை வாங்கப் போனேன். நகலுக்குப் பக்கத்தில் பேச விரும்புவோர் பெயர்ப் பட்டியலை ஒட்டி, ஒரு பேனாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பெயரை எழுதிவிட்டுத் தபால்தலை வாங்காமல் திரும்பிவிட்டேன். ‘சும்மா இருப்பது உனக்கு நன்றாக வரும்’ என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதனால்தான் என்று சொல்லி உங்கள்மேல் பழியைப் போட மாட்டேன். ஆனால் அது மனதில் இருந்தது.

நாற்பது பேர் வந்திருந்தார்கள். மேயர் பிரெண்டா ஷூபர்ட், என் பழைய மாணவி, வேதியியலில் கெட்டிக்காரி. எனக்கு முன் பேசியவர்கள் குழந்தைகள், வெயில், ஊரின் எதிர்காலம் என்று பேசினார்கள். நான் நோட்டைத் திறந்து எண்களை வாசித்தேன்.

“சத்தமா சார்! பின்னால ஒண்ணும் கேக்கல!” இது பெரில். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு கொஞ்சம் குரல் வந்தது.

காலைக் கணக்கை முடித்ததும் பிரெண்டா கேட்டாள்: “சார், அப்படீன்னா இத்தன வருஷமா நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்பின தாளெல்லாம் பொய்யா?”

“பொய் இல்ல. முன்கதவு வழியா வந்தவங்க பதினோரு பேர்தான். தாள்ல கேட்டது அவ்வளவுதான். கேக்காதத நான் சொல்லல.”

“பரீட்சையில நாங்க அப்படி எழுதினா நீங்க மார்க் போட்டதே இல்லையே சார்.”

அவள் சொன்னது நியாயம். தலையாட்டினேன்.

காப்பீட்டு விஷயங்களைப் பார்க்கும் ஆர்மிட் என்பவர் எழுந்தார். “லைஃப்கார்டு இல்லாத நேரத்துல இத்தன பேரு. யாருக்காவது ஏதாவது ஆச்சா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நோட்டு என் கையில்தான் இருந்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆச்சு என்றேன். பிப்ரவரி 12ஐச் சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் ஊரில் இடுப்பு முறிந்தவர் வேறு யாரும் இல்லை.

எப்படிச் சொன்னேன் என்பதை விவரிக்க விரும்பவில்லை. மூன்று நிமிடம் முடிந்து மணி அடித்துவிட்டார்கள்.

முடிவு 24ஆம் தேதி. நான் செய்தது குளத்துக்கு நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. உங்களுக்குக் கெட்டது என்று தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

ஆல்வின்


வெரிங்கல்
ஜூன் 25

அன்புள்ள யூனா அவர்களுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. முடிவை மட்டும் தெரிவிக்கிறேன். ஜூன் முப்பதுக்கு முன் உங்களுக்கு அது தெரிய வேண்டும்.

ஓட்டு ஐந்துக்கு இரண்டு. நம் குளம் ஒரு சீசனுக்குத் திறக்கும். காலை ஆறரை முதல் ஒன்பது வரை, லைஃப்கார்டோடு. மாலை நான்கு முதல் ஆறு வரை. மதியம் கிடையாது. ஷானனுக்கு நேரம் குறைகிறது. வாங்கின காருக்குத் தவணை கட்ட வேறு வேலையும் பார்க்க வேண்டும் என்றாள். முன்கதவு வழியாகத்தான் எல்லோரும் வர வேண்டும், பாஸ் இருந்தாலும். பக்கத்துக் கதவை நேற்று வெல்டிங் வைத்து அடைத்துவிட்டார்கள். ஆணியையும் பிடுங்கிவிட்டார்கள்.

பட்டியலில் நான்காவதாக இருந்த கூராபின் குளத்தை நமக்குப் பதில் மூடுகிறார்கள். அவர்கள் சராசரி இருபத்திரண்டு. அவர்களுக்கும் ஒரு பக்கத்துக் கதவு இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இது எனக்கு உறுத்துகிறது.

என்னைக் கமிட்டியிலிருந்து விலகச் சொன்னார்கள். குளோரின் கொட்டகைப் பொறுப்பையும் ஒப்படைத்துவிட்டேன். வாங்கிக்கொண்ட இளைஞன் நல்லவனாகத் தெரிகிறான். சோதனைக் குழாயைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் படிக்க வேண்டும் என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

உங்கள் வீட்டுச் சாவியை யாரிடம் கொடுக்கச் சொல்கிறீர்களோ அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

ஆல்வின்


பெண்டிகோ
ஜூன் 28

ஆல்வின்,

பதில் போடாததற்குக் காரணம், போட்டிருந்தால் தபால்காரன் படித்தாலே கூசியிருப்பான்.

பத்தொன்பதாம் தேதி பெரில் ட்ரூடிக்குப் போன் செய்துவிட்டாள். என்னோடு பேசத்தான் செய்தாளாம். எனக்குக் கேட்காது என்று தெரிந்து ட்ரூடியிடம் முழுவதையும் கொட்டியிருக்கிறாள். ட்ரூடி போனை வைத்துவிட்டு வந்து குதித்தாள்.

“அந்த ஆளுதான் உங்களத் தூக்கச் சொன்னாராம்! உடைஞ்ச இடுப்போட! மீட்டிங்ல அவரே ஒத்துக்கிட்டாராம். படிச்ச வாத்தியாரு! சித்தி, நான் வக்கீலப் பாக்கப் போறேன்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெரிலுக்குக் கடிதம் போட்டு, நீ சொன்னதை வார்த்தை மாற்றாமல் எழுது என்று கேட்டேன். இன்று காலை பதில் வந்தது. நீ நோட்டைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தே, “ஆம்புலன்ஸ் வேண்டாம், வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகலாம்னு நான்தான் சொன்னேன். அவங்க வேண்டாம்னுதான் சொன்னாங்க” என்று வாசித்தாயாம். உன் காது இரண்டும் சிவந்துபோனதாம். பாவம், வெட்கத்தில் சிவந்தார் என்று பெரில் எழுதியிருக்கிறாள். அவளும் அன்று குளத்தில் இருந்தவள்தானே, அவளுக்குத் தெரியாதா என்ன. ஆனால் கூட்டத்தில் நீ அப்படிச் சொன்னபோது வாயைத் திறக்கவில்லையாம். முதல் தடவையாக.

நோட்டில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நீயே படியெடுத்து அனுப்பியிருக்கிறாய். அந்தக் கடிதத்தை எடுத்து ட்ரூடி கையில் கொடுத்தேன்.

நின்றுகொண்டே படித்தாள். அப்புறம் உட்கார்ந்து படித்தாள்.

“நீங்களா சொன்னீங்க?”

“நானேதான்.”

“வலிக்கலையா?”

“உயிர் போச்சு.”

“ஒரு குளத்துக்காகவா, சித்தி?”

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? அவள் கடிதத்தை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள். “அந்த ஊர்ல யாருக்கும் புத்தி இல்ல. உங்களையும் சேத்துத்தான்” என்றாள். அப்புறம் எழுந்து போய் அந்தக் குடியிருப்புக்குப் போன் செய்து, அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நான் கேட்கவில்லை. அவளாகவே.

நான் வேண்டாம் என்று சொல்லியும் நீ எழுந்து பேசினாய். அதற்கு உனக்கு உரிமை இல்லை. என் கோபம் தீரவில்லை. அதை நேரில் படுகிறேன். இங்கே என் கோபத்துக்குப் பயப்படுகிற ஆள் யாரும் இல்லை.

கவுன்சிலுக்கும் ஒரு கடிதம் எழுதிவிட்டேன். சொன்னது நான், தூக்கியது அவர்கள், வேண்டாம் என்றது ட்ரெஸைஸ் என்று. உன் நோட்டில் எதையும் திருத்தாதே.

வீட்டுச் சாவியை யாரிடமும் கொடுக்க வேண்டாம். ஜூலை 6 சனிக்கிழமை ட்ரூடி காரில் கொண்டுவந்து விடுகிறாள். அதற்குள் குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும், உள்ளே நுழைந்தால் வலக்கைப் பக்கம். தரையிலிருந்து எண்பத்தெட்டு சென்டிமீட்டர். ட்ரூடி இரண்டு தடவை அளந்தாள்.

யூனா